இரண்டாவது பைக் வாங்கப் போகிறீர்களா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஸ்ப்ளெண்டரோ ஷைனோ ஒன்றிரண்டு வருஷம் ஓட்டி கை நன்றாகப் பழகிவிட்டது. அடுத்து கொஞ்சம் பெரிய வண்டி வேண்டும். ஷோரூமுக்குள் நுழைந்ததும் "எத்தனை சிசி பாக்கறீங்க?" என்றுதான் கேட்பார்கள். அங்கே ஆரம்பித்தால் பெரும்பாலும் பொருந்தாத வண்டியில்தான் போய் நிற்போம். சிசியைக் கடைசியில் பார்க்கலாம். இப்போது இருக்கும் வண்டி எந்த இடத்தில் போதவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: பழைய வண்டியின் குறையை எழுதி வையுங்கள்

இரண்டு வாரம் ஓட்டும்போது எங்கே எரிச்சல் வருகிறதோ அதை உடனே போனில் குறித்துக்கொள்ளுங்கள். "பவர் பத்தல" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "மரக்காணம் போகும் வழியில் 70-இல் பஸ்ஸை முந்த முடியவில்லை", "கிருமாம்பாக்கம் தாண்டியதும் முதுகு வலிக்கிறது", "பின்னால் ஆள் உட்கார்ந்தால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்பதில்லை" என்று இடத்தோடு எழுதுங்கள்.

இதில் பாதிக் குறைக்குப் புது வண்டியே தேவைப்படாது. முதுகுவலிக்கு உட்கார்ந்துபோன சீட்டும் தளர்ந்த பின் ஷாக்கும் காரணமாக இருக்கலாம். வண்டி நிற்காததற்குத் தேய்ந்த டயரும் பிரேக் ஷூவும் காரணமாக இருக்கலாம். அவற்றை மாற்றியும் தீராமல் மிஞ்சும் குறைதான் அடுத்த வண்டியை முடிவு செய்ய வேண்டும்.

தினமும் கடலூருக்கும் பாண்டிக்கும் போய்வருபவருக்கு 60-இலிருந்து 90 வரை தயங்காமல் இழுக்கும் என்ஜின், டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ். (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) போதும். 160 முதல் 200 சிசி வண்டியே அதைச் செய்யும். வார இறுதியில் இருவராகச் சென்னை வரை போகிறவருக்கு 350 சிசி சரி. ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் தினமும் போகிறவருக்குப் பவரைவிட நீளமான சஸ்பென்ஷனும் பெரிய முன்சக்கரமும்தான் உதவும்.

படி 2: குதிரைத்திறனையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள்

ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 8 பி.எஸ். (குதிரைத்திறன்), 112 கிலோ. அடுத்ததாக நம்மவர்கள் கண் வைக்கும் வண்டிகளைப் பாருங்கள். அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி 20.8 பி.எஸ்., சுமார் 152 கிலோ. கிளாசிக் 350 சுமார் 20 பி.எஸ்., 195 கிலோ. புதிய 390 டியூக் 46 பி.எஸ்., 168 கிலோ.

அப்பாச்சியும் கிளாசிக்கும் ஏறக்குறைய ஒரே பவர்தான், ஆனால் எடையில் 40 கிலோவுக்கு மேல் வித்தியாசம். அப்பாச்சி சுறுசுறுப்பாகப் பாயும். கிளாசிக்கோ 4000 ஆர்.பி.எம்.மிலேயே 27 என்.எம். டார்க்கை, அதாவது இழுவிசையை, தந்துவிடுவதால், கியரை மாற்றிக்கொண்டே இருக்காமல் நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். எந்தக் குணம் வேண்டும் என்பதற்கான விடை உங்கள் படி 1 குறிப்பில் இருக்கிறது.

100 சிசியிலிருந்து நேராக 390-க்குத் தாவ வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பவர் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது, எடை ஒன்றரை மடங்குதான். பழைய வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகிப் பழகிய மணிக்கட்டு, புது வண்டியிலும் அதையே செய்யும். இரண்டாவது வண்டிக்குப் பவர் இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் கூடினால் போதும். அதுவே பெரிய மாற்றமாகத் தெரியும்.

படி 3: உடம்புக்குப் பொருந்துகிறதா?

சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் பட வேண்டும். மீட்டியர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ., ஹன்டர் 790, கிளாசிக் 805, ஹிமாலயன் 450 சுமார் 825. அளவு ஒரு வழிகாட்டிதான். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, குறைந்த உயரத்திலும் கால் எட்டாமல் போகும். ஆகவே தினமும் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தே பாருங்கள்.

அடுத்து, என்ஜினை அணைத்து, இறங்கி நின்று வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். பத்து அடி தள்ளி, முழுசாகத் திருப்பி, சைடு ஸ்டாண்டு போடுங்கள். 190 கிலோ என்றால் என்ன என்பது அப்போது தெரியும். வீட்டு வாசலில் சாய்வுதளம் இருந்தாலோ, குறுகிய சந்தில் நிறுத்துபவராக இருந்தாலோ இதைத் தவிர்க்கவே கூடாது.

பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். அம்மாவோ மனைவியோ சேலையில் ஒருபக்கமாக உட்காருவார்கள் என்றால், உயரமான சின்னப் பின்சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கிய மறுநாளே சண்டையைக் கொண்டுவரும். தட்டையான சீட்டு, பிடிக்கக் கம்பி, சாரி கார்டு, கால் வைக்கத் தட்டு நான்கையும் பாருங்கள்.

படி 4: வருஷச் செலவு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், 2022 ஜூனில் வந்த கட்டணப்படி வருஷத்துக்கு 75-க்கு மேல் 150 சிசி வரை ₹714, 350 வரை ₹1,366, அதற்கு மேல் ₹2,804. வரி தனி. புது வண்டிக்கு இதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 350-ஐத் தாண்டுவதற்கு முன் இந்த இரண்டையும் கணக்கில் எடுங்கள்.

பெட்ரோல்: மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவர் 60 மைலேஜ் வண்டியிலிருந்து 33 மைலேஜ் வண்டிக்கு மாறினால், மாதம் 13, 14 லிட்டர் கூடும். அகலமான பின்டயரும் செயின் செட்டும் பழைய வண்டிக்கானதைப் போல விலை குறைவாக இருக்காது. வாங்கும் முன்பே பார்ட்ஸ் கடையில் இரண்டுக்கும் விலை கேட்டுவிடுங்கள்.

படி 5: செகண்ட் ஹேண்டு என்றால் உப்பையும் வெள்ளத்தையும் தேடுங்கள்

நம் கடற்கரையில் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு முன், ராத்திரியில் எங்கே நின்றது என்று கேளுங்கள். வைத்திக்குப்பம், வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் திறந்தவெளியில் நின்ற 10,000 கி.மீ. வண்டியைவிட, உள்ளே நெய்வேலி பக்கம் கூரையடியில் நின்ற 25,000 கி.மீ. வண்டி நல்ல நிலையில் இருக்கலாம்.

உப்புக்காற்று முதலில் தாக்கும் இடம் முன் ஷாக்கின் பளபளப்பான குழாய். விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். மணல்போல நெருடினால் குரோம் பூச்சில் குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழி ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஆயில் சீலைக் கிழிக்கும். "சீல் மாத்தினா சரியாயிடும்" என்பார்கள். புது சீலும் சில மாதத்தில் ஒழுகும். குழாயை மாற்றுவதுதான் தீர்வு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு குனிந்து டார்ச் அடியுங்கள். பெண்ட் பைப் (புகைக்குழாய்) என்ஜினில் சேரும் இடம், சைலன்சரின் அடிப்பக்கம், மெயின் ஸ்டாண்டு சுழலும் ஆணி, ரேடியேட்டரின் தகடுகள், டேங்கின் அடிவிளிம்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். ரேடியேட்டர் தகட்டைத் தொட்டால் பொடியாக உதிர்கிறது என்றால் வேண்டாம். மேலோட்டமான துரு பரவாயில்லை. புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்த சேஸிஸ்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டியது.

இனி வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்தையும் விடவில்லை. அப்படி மூழ்கிய வண்டிகளும் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம்.

சீட்டைக் கழற்றி ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். ஒயர் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) ஒன்றை உருவி, உள்ளே செம்பு முனையில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிமூலையில் உலர்ந்த சேறு, மீட்டர் கண்ணாடிக்குள் நீராவி, ஹெட்லைட்டுக்குள் மண்கோடு இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் வண்டி மூழ்கியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆயில் பால்கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டியில் ஈ.சி.யூ. (என்ஜினின் கம்ப்யூட்டர்), சென்சார், ஏ.பி.எஸ். மாட்யூல் என்று எல்லாமே கப்ளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. இன்றைக்கு நன்றாக ஓடும், ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிற்கும். விலை எவ்வளவு குறைத்தாலும் இப்படிப்பட்ட வண்டியை வாங்காதீர்கள்.

மற்றச் சோதனைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெயின் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோலப் பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் (பின்சக்கரப் பல்சக்கரத்தின்) கடைசி முனையில் செயினைப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் செட் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் (டயரின் மேடு) இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும்.

படி 6: டெஸ்ட் ரைடு

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரியக் கூடாது. குளிர்ந்த என்ஜினில்தான் குறை வெளிப்படும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்கு எரிபொருள் அதிகம் போவது காரணம்.

சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கும் என்ஜின் செக் விளக்கும் எரிய வேண்டும். என்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணையும், ஏ.பி.எஸ். விளக்கு வண்டி கொஞ்சம் உருண்ட பிறகு அணையும். அணையாவிட்டால் கோளாறு. ஆரம்பத்தில் எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

குறைந்தது 20 நிமிஷம் ஓட்டுங்கள். இந்திரா காந்தி சதுக்கம், நெல்லித்தோப்பு பக்கம் சாயங்கால நெரிசலில் ஒரு சுற்று அவசியம். ஃபேன் ஓடி காலில் எவ்வளவு சூடு அடிக்கிறது, கிளட்ச் எவ்வளவு கனம், நியூட்ரல் சிக்குகிறதா என்பதெல்லாம் வேகமாகப் போகும்போது தெரியாது. பிறகு காலியான நேர்சாலையில் 50-இல் போய்க் கையை லேசாகத் தளர்த்துங்கள், முழுசாக விட வேண்டாம். வண்டி ஒருபக்கம் இழுத்தால் சேஸிஸோ சக்கரமோ கோணல்.

படி 7: பேப்பர்

புதுச்சேரியில் வாகன வரி குறைவு என்பதால் பி.ஒய்.-01 வண்டி கடலூர்க்காரருக்கு மலிவாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் டி.என். எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பிறகு வண்டியின் வயசுக்கு ஏற்ற ஆயுள்வரி, அலைச்சல் எல்லாம் உண்டு. அதைச் சேர்த்த பிறகும் மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை, ஹேண்டில்பார் கழுத்தில் பொறித்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பரிவாஹன் அரசு இணையதளத்தில் அபராதம் பாக்கி, கடன் பதிவு இரண்டையும் பாருங்கள். கடன் இருந்திருந்தால் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் கையில் வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கல். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், பிரீமியம் கூடும் என்பதையும் எதிர்பாருங்கள்.

பழைய வண்டியை விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். தேதியும் நேரமும் எழுதிய ரசீதில் வாங்குபவரின் கையெழுத்தை வாங்குங்கள். பெயர் மாறும் வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கு உங்களைத்தான் தேடி வருவார்கள்.

படி 8: முதல் மாதம்

முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு காலை, காலியான இடத்தில் பிரேக் பழகுங்கள். 30-இல் ஆரம்பித்து 50 வரை, முன் பிரேக்கைப் பிடுங்காமல் படிப்படியாக அழுத்துங்கள். கூடிய எடைக்கு நிற்கும் தூரம் எவ்வளவு என்று உடம்புக்குப் பழக வேண்டும். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது லிவரோ பெடலோ துடிக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள், அழுத்திக்கொண்டே இருங்கள். சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் அது, பின்சக்கரம் வழுக்கும்.

கடற்கரைப் பக்கம் நிறுத்தி எடுத்தால் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் (செயின் எண்ணெய்), மழைக்காலத்தில் அதற்கும் முன்பே.

செகண்ட் ஹேண்டு வண்டியானால், "இப்பதான் மாத்தினேன்" என்று விற்றவர் எவ்வளவு சொன்னாலும் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், பிரேக் பிடிக்காது. மூடியில் டாட் 3-ஆ டாட் 4-ஆ என்று எழுதியிருக்கும், அதையே சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் ஊற்றிய தேதியை ஆர்.சி. உறையிலேயே எழுதி வையுங்கள்.