பைத்தானில் டெக்ஸ்ட் ஃபைல் எழுதுகிறீர்களா? ஓப்பன் வரியைச் சரியாக எழுதுங்கள்

ஃபைல் காலியாக வருகிறது, பாதியில் நிற்கிறது, வரிகள் ஒட்டிக்கொள்கின்றன என்றெல்லாம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஃபைலைத் திறக்கும் ஓப்பன் வரியிலேயே தொடங்குகின்றன.

முதலில் மோட், அதாவது ஃபைலை எதற்காகத் திறக்கிறோம் என்பது. ‘டபிள்யூ’ கொடுத்தால், ஃபைலைத் திறந்த கணமே பழையது முழுவதும் அழிந்துவிடும். அடுத்த வரியிலேயே எரர் வந்து நின்றாலும் மிஞ்சுவது 0 பைட் ஃபைல்தான். கடைசியில் சேர்க்க ‘ஏ’. பழைய ஃபைலைத் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்றால் ‘எக்ஸ்’. அதே பெயரில் ஃபைல் இருந்தால் எரர் தரும். இதை இன்னும் அதிகம் பயன்படுத்தலாம்.

என்கோடிங்கை, அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறையை, யூடிஎஃப்-8 என்று எப்போதும் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் பல பதிப்புகளில் பைத்தான் விண்டோஸின் கோட் பேஜை (அதன் சொந்த எழுத்து அட்டவணையை) எடுத்துக்கொள்ளும். அது 1252 என்றால் அதில் தமிழ் எழுத்தே இல்லை. லினக்ஸில் ஓடிய புரோகிராம் அங்கே என்கோட் எரரில் விழும். எக்செலில் திறக்கப்போகும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை ஃபைல்) என்றால் ‘யூடிஎஃப்-8-சிக்’ கொடுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் சேரும் 3 பைட் அடையாளத்தைப் பார்த்து எக்செல் எழுத்துகளைச் சரியாகக் காட்டும். சிஎஸ்வி மாட்யூலுடன் எழுதும்போது ஓப்பனின் நியூலைன் ஆர்க்யுமென்ட்டுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு காலி வரி வரும்: வரிமுடிவை மாட்யூல் முழுதாக எழுதிய பிறகு, டெக்ஸ்ட் மோட் அதில் இன்னொரு கேரேஜ் ரிட்டர்னை (வரிமுடிவுக் குறிகளில் ஒன்று) சேர்த்துவிடுகிறது.

ஃபைலில் எழுதும் ரைட் மெதட் தானாக வரியை முடிக்காது, எண்ணையும் ஏற்காது. பிரிண்டுக்கு ஃபைல் ஆர்க்யுமென்ட் கொடுத்தால் இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும்.

எழுதியது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தங்கும். வித் பிளாக்குக்குள் திறந்தால், நடுவில் எரர் வந்தாலும் ஃபைல் மூடப்பட்டு, அதுவரை எழுதியது வெளியே போகும். நெடுநேரம் எழுதப்படும் லாக் ஃபைலுக்கு, ஓப்பனில் பஃபரிங் 1 கொடுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் வெளியே தள்ளும். ஆனால் இப்படி வெளியே தள்ளும் ஃப்ளஷ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரைதான் கொண்டுபோகும். மின்சாரம் போனாலும் தாங்க வேண்டிய தரவென்றால் அதற்குப் பிறகு, டிஸ்க்கிலேயே எழுதவைக்கும் எஃப்சிங்க்கும் தேவை.

செட்டிங்ஸ் போன்ற முக்கிய ஃபைலை நேரடியாகத் திருத்தாதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலில் எழுதி, ஃப்ளஷ், எஃப்சிங்க் செய்து, மூடிவிட்டு, ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸால் அதைப் பழைய ஃபைலின் பெயருக்கு மாற்றுங்கள். வேறு டிஸ்க்கில் எழுதினால் ரீப்ளேஸ் எரர் தரும்.

அட்டவணை எழுதும்போது இன்னொன்று. ‘மொழி’ கண்ணுக்கு 2 எழுத்து. பைத்தான் உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணுவதால் அதை 4 என்று எண்ணும், யூடிஎஃப்-8இல் 12 பைட். அகலம் 10 என்று ஃபார்மட் செய்தால் 6 இடைவெளிதான் சேரும். பத்தி கோணலாகத் தெரிவது இதனால்தான். தமிழ்ப் பத்திகளை இடைவெளியால் நேராக்க முயலாமல் டேப் அல்லது சிஎஸ்வியாக எழுதுங்கள்.