பெயர் தெரியாத தந்தையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னோர் ஒருவரின் பெயர் தெரியாத தந்தையைக் கண்டறிவதே குடும்ப வரலாற்று ஆய்வில் மிகக் கடினமான வேலை. கடந்த சில மாதங்களில், இந்தத் தேடலில் புதிதாக இறங்கிய மூவர் தங்கள் முடிவுகளைச் சரிபார்க்கும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூவரும் தந்தை என்ற இடத்தில் ஒருவரின் பெயரை ஐயமின்றி எழுதியிருந்தார்கள். மூவரின் முடிவிலும், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை அப்படியே இருந்தது. அந்தப் பிழையால் ஒரு முதிய பெண்மணிக்கு நேர்ந்த வருத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

பெயர்களின் எழுத்து வேறுபாடுகளைக் கவனிக்காமல் விடுவது, பிறர் வரைந்த வம்சாவளியை மூல ஆவணம் பார்க்காமல் நகலெடுப்பது போன்றவற்றை எல்லாக் கையேடுகளும் எச்சரிக்கின்றன. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

வெற்றிடத்தைத் தவறாகப் படிப்பது

பிறப்புப் பதிவேட்டில் தந்தையின் பெயருக்கான கட்டத்தில் எழுத்தர் இழுத்த ஒரு சிறு கோடு மட்டும் இருப்பதைக் கண்டதும், தாய்க்கே அவர் யாரென்று தெரியவில்லை என்றோ, தெரிந்தும் மறைத்துவிட்டார் என்றோ பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கோட்டை இழுக்கச் செய்தது தாயின் மனநிலை அன்று, அக்காலத்துச் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் நாள் அரசுப் பதிவு தொடங்கியது. 1874ஆம் ஆண்டுச் சட்டம் 1875இல் நடைமுறைக்கு வந்த பின், மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தையின் பெயரை எழுத வேண்டுமானால் அவரும் தாயுடன் சேர்ந்து கேட்டுக்கொண்டு பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. அவர் வரவில்லையென்றால், ஊரே அறிந்த பெயராக இருந்தாலும் அது பதிவேட்டில் ஏறாது. பிரான்சில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. 1804ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத் தொகுப்பு, பெண்ணைக் கடத்திச் சென்ற வழக்குகள் நீங்கலாக, தந்தை யாரென்று நீதிமன்றத்தில் தேடுவதையே தடை செய்தது. 1912இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஆகவே பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, அந்த ஊரில் அந்த ஆண்டில் நடப்பில் இருந்த சட்டத்தை முதலில் படியுங்கள். ஓர் ஆவணத்தில் எழுத முடியாமல் போன பெயர் வேறோர் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கலாம். இங்கிலாந்தில் 1844 முதல் தாய் நேரடியாகக் குற்றவியல் நடுவர்களிடம் சென்று குழந்தைக்கான பராமரிப்புத் தொகையைக் கேட்க முடிந்தது. அந்த ஆணைகள் எஞ்சியிருக்கும் இடங்களில் தந்தையின் பெயர் வெளிப்படையாகவே இருக்கும்.

திருமணப் பதிவில் உள்ள தந்தை பெயரை நம்பிவிடுவது

திருமணத்தின்போது தந்தையின் பெயரும் தொழிலும் கேட்கப்படும். அந்தக் கேள்விக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க விரும்பாத ஒருவர், தம்மை வளர்த்த பாட்டனாரின் பெயரையோ, தாயின் பிற்காலக் கணவர் பெயரையோ, தம் குடும்பப் பெயரோடு பொருந்தும்படி தாமே உருவாக்கிய ஒரு பெயரையோ சொல்லியிருக்கலாம். அந்தப் பெயர் ஒரு தடயம்தான். வேறோர் ஆவணம் அதைத் தாங்கிப் பிடிக்கும் வரை அதற்கு மேல் மதிப்பில்லை.

சகோதரர்களை மறந்துவிடுவது

நான் மேலே குறிப்பிட்ட பிழை இதுதான்.

நண்பர் ஒருவரின் தாயாருக்கு, தம் தந்தையைப் பெற்றவர் யாரென்று தெரியவில்லை. அவருடைய தந்தை 1894இல் மணமாகாத ஒரு பெண்ணுக்குப் பிறந்தவர். 2016இல், தம் எண்பத்து நான்காம் வயதில், தாயார் மரபணுச் சோதனை செய்துகொண்டார். முடிவு வந்தபோது, அவருடைய எந்த உறவிலும் பொருந்தாத ஒருவர் 310 சென்டிமார்கன் (இருவர் பகிரும் மரபணுவை அளக்கும் அலகு; எண் பெரிதானால் உறவு நெருக்கம்) அளவுக்கு மரபணுவைப் பகிர்ந்திருந்தார். ஒத்துவந்த அந்த உறவினரின் வம்சாவளியைப் பின்னோக்கி வரைந்தேன். அவருடைய பாட்டனாருக்கு இரண்டு தம்பிகள். அந்தப் பாட்டனாரோ, 1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குழந்தையின் தாய் வேலை செய்த வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியிருந்தவர். வயது பொருந்தியது, இடம் பொருந்தியது, மரபணுவும் பொருந்தியது. மூத்தவர்தான் தந்தை என்று எழுதினேன். நண்பரின் தாயாரிடம் அவருடைய ஒளிப்படத்தையும் கொடுத்தேன். அதைச் சட்டமிட்டுத் தம் படுக்கைக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

தவறு 310 என்ற எண்ணில் இல்லை, அதை நான் படித்த விதத்தில் இருந்தது. மூத்தவர் தந்தையாக இருந்தால், நண்பரின் தாயாருக்கும் ஒத்துவந்த அந்த உறவினருக்கும் பாட்டனார் ஒருவர் மட்டுமே பொது. தம்பிகளுள் ஒருவர் தந்தையாக இருந்தால், கொள்ளுப்பாட்டனார், கொள்ளுப்பாட்டி ஆகிய இருவரும் பொது. மரபணு வழிக் குடும்ப வரலாற்று ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் பல்லாயிரம் பேரிடமிருந்து திரட்டி 2020இல் வெளியிட்ட அட்டவணையின்படி, முதல் வகை உறவில் சராசரி 449, வீச்சு 156 முதல் 979 வரை. இரண்டாம் வகையில் சராசரி 229, வீச்சு 41 முதல் 592 வரை. 310 என்பது இரண்டுக்குள்ளும் வசதியாக அமர்ந்துகொள்ளும். அது மட்டுமன்று. அந்த மூவரின் தந்தையே குழந்தையின் தந்தையாக இருந்திருந்தாலும், அந்த உறவுக்குரிய வீச்சான 62 முதல் 469 வரையிலும் இந்த எண் பொருந்தும். அந்தத் தந்தை அப்போது உயிரோடு இருந்தவர், மனைவியை இழந்தவர். அவரை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, என் கையில் இருந்த சான்று ஒரு குடும்பத்தைத்தான் காட்டியது. அதை ஓர் ஆளைக் காட்டுவதாக நான் எடுத்துக்கொண்டேன். கணக்கெடுப்பில் மூத்தவர் பெயர் கிடைத்ததும் தம்பிகள் எங்கே இருந்தார்கள் என்று தேடுவதையே நிறுத்திவிட்டேன். பிறகு கிடைத்த ஒவ்வொரு சிறு குறிப்பையும், அவர் அந்தத் தெருவில் நடந்ததையும், அந்தக் கோவிலுக்குச் சென்றதையும்கூட, அவருக்கு எதிரான சாட்சியமாகவே சேர்த்துக்கொண்டு போனேன்.

2019இல் இரண்டாவது சகோதரரின் பேத்தி சோதனை செய்துகொண்டார். அவரும் நண்பரின் தாயாரும் பகிர்ந்த அளவு 742 சென்டிமார்கன். கொள்ளுப்பாட்டனாரும் கொள்ளுப்பாட்டியும் பொதுவான உறவுக்கு அந்த அட்டவணை காட்டும் உச்சம் 592. மூவரின் தந்தையே காரணம் என்றால் உச்சம் 469. இரண்டையும் 742 தாண்டிவிட்டது. அவர்களுக்கிடையே வேறு வழியில் உறவு ஏதேனும் உண்டா என்று தாய்வழியையும் மனைவிவழியையும் ஆராய்ந்தேன், ஒன்றுமில்லை. தந்தை இரண்டாமவரே. மூன்றாண்டு காலம் ஒரு முதியவர் தம் பாட்டனார் என்று எண்ணி நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த முகம், உண்மையில் பாட்டனாரின் அண்ணன் முகம். அதை அவரிடம் நானே நேரில் சென்று சொன்னேன். அவர் என்மேல் கோபப்படவில்லை; படத்தை எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது எனக்கு அனுப்பப்படும் முடிவுகளில், தந்தை என்று ஒரு பெயரைப் பார்த்ததும் முதலில் கேட்பது, அவருடைய சகோதரர்களைப் பற்றித்தான். அந்தக் குடும்பத்தில் குழந்தை கருவான காலத்தில் உயிரோடு இருந்த, வயது பொருந்தும் ஆண்கள் அனைவரையும் ஒரு தாளில் எழுதுங்கள். தந்தையையும், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய 38 வாரங்கள் பின்னோக்கி எண்ணி, அந்த வாரங்களில் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று ஆவணங்களில் தேடுங்கள். படையில் இருந்தவர், கப்பலில் இருந்தவர், சிறையில் இருந்தவர் இப்படித்தான் பட்டியலிலிருந்து நீங்குவார்கள். பிறகு ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவரையாவது சோதனைக்கு இணங்க வைக்க முயலுங்கள். மரபணு முடிவுகளை ஆராய உதவும் டிஎன்ஏ பெயின்ட்டர் இணையதளத்தில் உள்ள 'வாட் ஆர் தி ஆட்ஸ்' என்ற கருவியில் எல்லா எண்களையும் சேர்த்து இட்டால், ஒவ்வொரு கருதுகோளும் மற்றதைக் காட்டிலும் எத்தனை மடங்கு வலுவானது என்று காட்டும். ஒரே ஓர் எண்ணை வைத்து அதைக் கேட்பதில் பெரிய பயனில்லை.

ஒய் குரோமோசோம் சோதனை செய்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது. அது தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் செல்வதால், மூன்று சகோதரர்களுக்கும் அவர்களுடைய தந்தைக்கும் ஒன்றாகவே இருக்கும். எந்தக் குடும்பம் என்று உறுதிப்படுத்த அது மிக நல்ல கருவி. அந்தக் குடும்பத்தில் எந்த ஆள் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

கிளைகள் போதாமல் தேடல் நின்றுவிட்டால், வம்சாவளியில் "இத்தம்பதியரின் மகன்களுள் ஒருவர்" என்று எழுதிவையுங்கள். அது தோல்வியன்று, அந்தக் கட்டத்தில் சொல்லக்கூடிய முழு உண்மை அதுதான்.

தாய்வழியைப் பிரித்து வைக்காமல் தொடங்குவது

மரபணு ஒத்துவந்தவர்களின் பட்டியலில் தெரியாத பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுள் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கிளைகளைச் சேர்ந்தவை. குடும்ப வரலாற்று ஆய்வாளர் டேனா லீட்ஸ் 2018இல் அறிமுகப்படுத்திய வண்ண முறையில், ஏறத்தாழ 90 முதல் 400 சென்டிமார்கன் வரை பகிர்பவர்களை, அவர்கள் ஒருவரோடொருவர் பொருந்துவதை வைத்துக் குழுக்களாகப் பிரிக்கிறோம். தெரிந்த கிளைகளுக்குரிய குழுக்களை அடையாளம் கண்டு ஒதுக்கிய பிறகு, எதனோடும் ஒட்டாமல் எஞ்சும் குழுவில்தான் தேடலைத் தொடங்க வேண்டும். நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடந்த குடும்பங்களில் குழுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எண்களும் உண்மை உறவைவிடப் பெரிதாகத் தோன்றும். அங்கே மேற்சொன்ன அட்டவணையை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

இளையவரைச் சோதிப்பது

வீட்டில் உள்ள மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரைச் சோதியுங்கள். ஒரு தலைமுறை கீழே இறங்கினால் பாதி மரபணு போய்விடும்.

சோதனை முடிவில் காட்டப்படும் இன விழுக்காடுகளைக் கொண்டு தந்தையைத் தேடுவது

வேண்டாம்.

முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது

மரபணு ஒத்துவந்த ஒருவருக்கு, "உங்கள் பாட்டனாருக்கு மணத்துக்கு வெளியே ஒரு குழந்தை இருந்தது" என்று முதல் வரியிலேயே எழுதியவர்களை நான் அறிவேன். பதில் வரவில்லை என்பதோடு, சிலர் தம் சோதனை முடிவையே பிறர் காணாதபடி மறைத்துவிட்டார்கள். அத்துடன் அந்தக் கிளை மூடிவிட்டது. நம் தேடல் நமக்குப் பெரிது. எதிர்முனையில் இருப்பவருக்கோ அது தாம் நேசித்த ஒருவரைப் பற்றிய செய்தி. அதிலும் அது நம் ஊகமாக மட்டும் இருந்து, பின்னால் பொய்த்துப்போனால், அந்தக் குடும்பத்தில் நாம் விதைத்த ஐயத்தை யார் திரும்ப எடுப்பது?

என் முதல் கடிதம் ஐந்து வரிகளைத் தாண்டாது. நான் யார், யாருக்காக எழுதுகிறேன், எத்தனை சென்டிமார்கன் பொருந்துகிறது, எந்த ஊர் எந்தக் காலம் பற்றி அறிய விரும்புகிறேன், பதில் எழுத விருப்பமில்லையென்றால் அதையும் மதிக்கிறேன் என்பவை மட்டுமே அதில் இருக்கும். கேட்டால் எதையும் மறைப்பதில்லை. கேட்கும் முன் எதையும் திணிப்பதும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுவேன். இரண்டாவது சகோதரரின் பேத்தி அந்த நினைவூட்டலுக்கும் ஐந்து மாதம் கழித்தே பதில் எழுதினார். அவர் சோதனைக்கு இணங்கியது அதன் பிறகுதான். முடிவு தெரிந்த பின், யாரும் கேட்காமலேயே தம் பாட்டனாரின் ஒளிப்படம் ஒன்றை நண்பரின் தாயாருக்கு அஞ்சலில் அனுப்பி வைத்தார். பழைய சட்டத்திலேயே அதைப் பொருத்திக் கொடுத்தோம்.