பழைய நாட்காட்டி, உறை, செய்தித்தாள்: வீட்டுக் காகிதத்தில் குழந்தைகளுக்கான செய்முறைகள்

குழந்தைகளுக்குக் கைவேலை என்றதும் வண்ணத்தாளும் பளபளப்புத் துகளும் வாங்கக் கிளம்ப வேண்டியதில்லை. கழித்துவிடலாம் என்று மூலையில் சேர்த்து வைத்திருக்கும் காகிதக் குவியலிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. புதிய வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் நாமே எழுதி வரைய வேண்டும். பழைய நாட்காட்டியிலோ எண்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. செய்தித்தாளில் எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகக் கொட்டிக் கிடக்கின்றன. அச்சாகி இருப்பதே பாதிப் பாடம். அதனால் ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: அதில் என்ன அச்சாகி இருக்கிறது, அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்பது தானாகவே புலப்பட்டுவிடும்.

முதலில் தரம் பிரியுங்கள்

வைத்துக்கொள்ள வேண்டியவை: மாத நாட்காட்டி, செய்தித்தாள், பயன்படுத்திய உறைகள், வாழ்த்து அட்டைகள், அழைப்பிதழ்கள், பற்பசை, சோப்பு போன்றவை வரும் மெல்லிய அட்டைப்பெட்டிகள், ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்கள்.

எண்ணெய் பட்டவை, ஈரத்தில் பூஞ்சை பிடித்தவை, வெள்ளிப்பூச்சு உள்ளவை வேண்டாம். கடைகளில் இயந்திரம் துப்பும் வழவழப்பான ரசீதுகளையும் கட்டாயம் ஒதுக்கிவிடுங்கள். அவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். மேற்பூச்சில் உள்ள ரசாயனம் கையில் ஒட்டும். அடையாளம் காண்பது எளிது. நகத்தால் அழுத்திக் கீறினால் கறுப்புக் கோடு விழும். விழுந்தால் குப்பைக்கூடைதான்.

ஊக்குகள், பின்கள் எல்லாவற்றையும் பெரியவர்கள் பிடுங்கிவிட்ட பிறகே குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டும்.

பசை காய்ச்சுவது

ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் ஒரு பங்கு குளிர்ந்த தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதித் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். பால்போல் இருந்தது சிறிது நேரத்தில் கண்ணாடிபோல் தெளிந்து கெட்டிப்படும், அப்போது இறக்கிவிடலாம். ஆறியபின் இன்னும் கெட்டியாகும் என்பதால் அடுப்பில் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் சில நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கிழிப்பதில் தொடங்குங்கள்

சிறு குழந்தைகளின் கையில் முதல்நாளே கத்தரிக்கோலைக் கொடுக்க அவசரம் வேண்டாம். கிழிப்பதும் ஒரு திறமைதான். இரண்டு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதிரெதிர்த் திசையில் ஒத்துழைக்க வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களும் அவைதான்.

ஒரு முழுச் செய்தித்தாள் பக்கத்தை எடுத்து, மேலிருந்து கீழாகக் கிழிக்கச் சொல்லுங்கள். நூல் பிடித்ததுபோல் நேராகக் கிழியும். இப்போது இடமிருந்து வலமாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கோணல்மாணலாகப் போகும். குழந்தை நிச்சயம் ஏன் என்று கேட்கும். காகிதம் இயந்திரத்தில் ஓடி உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. நாரோடு கிழித்தால் நேர். நாருக்குக் குறுக்கே கிழித்தால் கோணல். ஒரு துண்டை உருப்பெருக்கியில் பார்த்தால் கிழிந்த விளிம்பில் நார்கள் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும்.

நேராகக் கிழிந்த பட்டைகளை வீணாக்காதீர்கள். சிலவற்றைப் பாயாகப் பின்னலாம்: ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ், மறுபடி மேல். அடுத்த வரிசையில் அது மாறும். ஒற்றை, இரட்டை எண்களின் ஒழுங்கைச் சொல்லித்தராமலேயே கை கற்றுக்கொண்டுவிடும்.

நாட்காட்டி

வீட்டுக் காகிதங்களில் என் முதல் வாக்கு மாத நாட்காட்டிக்குத்தான். மூன்று வயதுக் குழந்தை முதல் பத்து வயதுக் குழந்தை வரை அவரவருக்கு அதில் வேலை இருக்கிறது.

சிறியவர்களுக்கு: எண்களைத் தனித்தனிக் கட்டமாக வெட்டி, பற்பசைப் பெட்டி அட்டையில் ஒட்டுங்கள். 1 முதல் 10 வரை போதும். அட்டையின் பின்பக்கம் அத்தனை புள்ளிகளைக் குழந்தையே வைக்கட்டும். குலுக்கிப் பரப்பி, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தடுமாறினால் அட்டையைத் திருப்பிப் புள்ளிகளை எண்ணித் தானே திருத்திக்கொள்ளும். நாம் குறுக்கே பேச வேண்டியதில்லை.

கூட்டல் தெரிந்தவர்களுக்கு:

1. முழு மாதத் தாள் ஒன்றை எடுங்கள். நீள அகலத்தில் மும்மூன்று தேதிகள் அடங்கும்படி, எங்கு வேண்டுமானாலும் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். எல்லாக் கட்டங்களிலும் தேதி இருக்க வேண்டும். உதாரணமாக 8, 9, 10. 15, 16, 17. 22, 23, 24.

2. மூலைக்கு மூலை கூட்டட்டும்: 8+16+24 என்றால் 48. அடுத்த மூலைக்கு 10+16+22, அதுவும் 48. நடு வரிசையும் நடு நெடுக்கும்கூட 48தான்.

3. ஒன்பது எண்களையும் கூட்டச் சொல்லிவிட்டு, நடு எண்ணை மட்டும் கேளுங்கள். 16 என்றதும் அதை ஒன்பதால் பெருக்கி 144 என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தை சிரமப்பட்டுக் கூட்டி அதே விடைக்கு வந்து சேரும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

4. வேறு இடத்தில் சதுரம் வரைந்து சோதிக்கட்டும். பிறகு காரணத்தைத் தேடலாம். நடு எண்ணுக்கு இடப்புறம் ஒன்று குறைவு, வலப்புறம் ஒன்று கூடுதல். மேலே ஏழு குறைவு, கீழே ஏழு கூடுதல். குறைவும் கூடுதலும் சரிக்குச் சரியாகிவிடுவதால் ஒன்பது நடு எண்கள் மிஞ்சுகின்றன. கிழமைகள் நெடுக்குவாட்டில் அச்சான நாட்காட்டியிலும் இதே கணக்குச் செல்லும்.

இன்னும் பெரியவர்களுக்கு ஒரு புதிர். லீப் அல்லாத ஓர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த மாதங்கள் ஒரே கிழமையில் தொடங்குகின்றன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஜனவரியும் அக்டோபரும் ஜோடி சேரும். பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றும் ஒரு கூட்டம். ஏப்ரலோடு ஜூலை, செப்டம்பரோடு டிசம்பர். மே, ஜூன், ஆகஸ்ட் ஒவ்வொன்றும் துணையில்லாமல் நிற்கும். ஆண்டுகளிலும் இப்படி ஜோடி உண்டு: 2015-ஆம் ஆண்டின் நாட்காட்டி 2026-க்குக் கிழமை பிசகாமல் பொருந்தும். அந்தத் தாள் உங்கள் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

பழைய உறையில் சொல்ஜன்னல்

எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல பொம்மை இல்லை என்பேன்.

தேவை: சுமார் 22 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் உள்ள பழைய உறை ஒன்று, மெல்லிய பெட்டி அட்டை, பழைய செய்தித்தாள்கள், பசை.

1. உறையின் வாயை ஒட்டி மூடுங்கள். காய்ந்ததும் நடுப்பகுதியிலிருந்து குறுக்குவாட்டில் 8 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். இரண்டு பக்கம் மூடியும் இரண்டு பக்கம் திறந்தும் உள்ள ஒரு கூடு கிடைக்கும். திறந்த பக்கங்கள் மேலும் கீழும் வரும்படி திருப்பி வையுங்கள்.

2. உள்ளே ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு, முன்பக்க நடுவில் 3 செ.மீ. சதுர ஜன்னல் வெட்டுங்கள். அட்டை இருப்பதால் பின்பக்கம் வெட்டுப்படாது. இந்த வெட்டு பெரியவர்களின் வேலை.

3. பெட்டி அட்டையில் 10.5 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். கூட்டுக்குள் மேலும் கீழும் வழுக்கிச் செல்ல வேண்டும். இறுகினால் ஓரத்தை இம்மி அளவு நறுக்குங்கள்.

4. இனி எழுத்து வேட்டை. செய்தித்தாளின் பெரிய தலைப்புகளிலிருந்து ப, ம், ட, ண, ய, ல, ழ ஆகிய எழுத்துகளைக் குழந்தையே தேடி வெட்டட்டும். இந்தத் தேடலே நல்ல வாசிப்புப் பயிற்சி. ‘ப’வைத் தேடும் கண் வழியில் ‘பா’வையும் ‘பு’வையும் சந்தித்து, அது வேறு இது வேறு என்று பிரித்தறியும்.

5. ஜன்னலுக்கு இடப்புறம் ‘ப’, வலப்புறம் ‘ம்’ ஒட்டுங்கள். மற்ற ஐந்தையும் பட்டையின் நடுவில், 4 செ.மீ. இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள்.

பட்டையை இழுத்தால் ஜன்னலில் படம், பணம், பயம், பலம், பழம் என்று சொற்கள் வந்து நிற்கும். பலம், பழம் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திச் சத்தமாகச் சொல்ல வையுங்கள். லகர ழகர வேறுபாடு காதுக்கும் நாக்குக்கும் ஒருசேரப் பிடிபடும். அடுத்த கூட்டுக்கு ‘ம’வும் ‘ம்’மும் வைத்து, பட்டையில் ர, ன, ண, ட, த ஒட்டினால் மரம், மனம், மணம், மடம், மதம். இங்கே இரண்டு னகரங்களும் பாடமாகிவிடும். ஒரு சொல் வந்து நின்றதும் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வது என் பரிந்துரை. பொருள் தெரியாமல் உச்சரிப்பதில் பயன் குறைவு.

எந்தத் தூண் வலியது?

நாட்காட்டியின் தடித்த தாள் மூன்றை ஒரே அளவில் வெட்டுங்கள். ஒன்றை உருளையாகவும், ஒன்றை மூன்று முகத் தூணாகவும், மற்றொன்றை நான்கு முகத் தூணாகவும் மடித்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து, மேலே ஓர் அட்டை, அதன்மேல் ஒவ்வொரு புத்தகமாக அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்குவதற்கு முன்பே எது வெல்லும் என்று குழந்தை எழுதி வைக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். சீராகச் செய்திருந்தால் பெரும்பாலும் உருளையே வெல்லும். தட்டையான முகங்கள் நடுவில் வளைந்து நொடிந்துபோகின்றன. உருளையில் தட்டையான முகமே இல்லாததால் பாரம் சுற்றிலும் சமமாகப் பரவுகிறது.

ஒரு முறுக்கு, ஒரு வளையம்

செய்தித்தாளின் நீளவாட்டில் 5 செ.மீ. அகலப் பட்டை ஒன்று எடுங்கள். ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பி, மறுமுனையோடு ஒட்டுங்கள். நடுவில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனால், கையை எடுக்காமல் இரண்டு பக்கமும் கோடு விழுந்து தொடங்கிய இடத்துக்கே வரும். அதாவது இந்த வளையத்துக்கு ஒரே பக்கம்தான். 1858-ஆம் ஆண்டில் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் தனித்தனியே இதை ஆராய்ந்தார்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு வளையம் வரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வருவது ஒரே நீண்ட வளையம். இன்னொரு பட்டையில், ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டிக்கொண்டே போனால், ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள் கிடைக்கும்.

கவனத்தில் வைக்க

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் எண் கட்டங்களையும் எழுத்துத் துண்டுகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். எல்லாம் வாய்க்குப் போகும். மழுங்கிய முனைக் கத்தரிக்கோலே போதும். செய்தித்தாள் மை கையில் ஒட்டும் என்பதால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தை ஒட்டியது கோணலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். நாம் பிரித்துத் திருத்தி ஒட்டினால் அது நம் பொம்மையாகிவிடும். அடுத்த நாள் குழந்தை தொடாது.

மாவுப்பசை பூச்சிகளை ஈர்க்கும். ஒட்டியவற்றை நன்றாகக் காயவிட்டு, மூடியுள்ள பெட்டியில் போட்டு வைத்தால் பல மாதங்கள் உழைக்கும். விளையாடித் தேய்ந்த அட்டைகளில் ஒட்டுநாடா இருந்தால் உரித்துவிட்டு, மீண்டும் பழைய காகிதத்தோடு சேர்த்துவிடலாம். பசையில் ஊறிக் கூழான செய்தித்தாள் துண்டுகளை உரக்குழியில் போடுங்கள்.