மொழி மாறும் நிமிடத்தைக் குறித்து வையுங்கள்

ஐரோப்பியப் படத்துக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்கள் என்றால், பார்க்கும்போதே பாத்திரங்கள் மொழி மாறும் நிமிடத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். 'பி' என்றால் பிரெஞ்சு, 'ஆ' என்றால் ஆங்கிலம், பக்கத்தில் நேரம். அவ்வளவு போதும்.

சப்டைட்டில் எல்லா மொழியையும் ஒரே மாதிரிதான் காட்டும். படிக்கிற வேகத்தில் காது அந்த மாற்றத்தைத் தவறவிட்டுவிடும். 2023இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப் பனையை வென்ற, ஜுஸ்டின் ட்ரியே இயக்கிய 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி ஜெர்மன்காரி, கணவன் பிரெஞ்சுக்காரன், வீட்டில் இருவருக்கும் பொதுவாக ஆங்கிலம். கணவனின் சாவுக்காகக் கூண்டில் நிற்கும்போது பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்பவள், ஒரு கட்டத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகிறாள். என்னைக் கேட்டால் படத்தின் பாதி உயிர் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் தாளில் இருந்தால், எழுதும்போது இரண்டரை மணி நேரப் படத்தை மறுபடி ஓட்டித் தேட வேண்டாம்.

டப்பிங் செய்த பதிப்பில் இது உதவாது. ஒரே மொழியில் ஓடும் படத்துக்கும் தேவையில்லை. மூலக் குரலை அமுக்கி மேலே வர்ணனை ஓடும் ஆவணப்படங்களும் அப்படித்தான்.