மிக்சி போட்டால் அணைந்த இன்வெர்ட்டர்: என் அனுபவம்

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காட்டில், மின்வாரியக் கம்பி எட்டாத எங்கள் வீடு சோலார் தகடுகளையும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியையும் மட்டுமே நம்பியிருக்கிறது. விளக்குகள் சீராக எரிந்தாலும், மிக்சியைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் அணைந்துவிடும். மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், பழுது பேட்டரியிலா இணைப்பிலா என்று அறிய, அந்த நொடியில் மல்டிமீட்டரால் இரண்டு இடங்களில் அளந்தேன். பேட்டரியின் ஈயத் தண்டில் 12.1 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.4; அதாவது பழுது பேட்டரியில் இல்லை, இடையிலுள்ள இணைப்பில்தான் 1.7 வோல்ட் தொலைகிறது. புதுப் பேட்டரி வாங்குமுன் இந்த அளவீட்டைக் கட்டாயம் செய்ய வேண்டும். சோலார் தகட்டு இணைப்பையும், பிறகு பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையையும் முதலில் விடுவித்துவிட்டு, ஈயத் தண்டைப் பற்றியிருக்கும் கிளாம்பைக் கழற்றியபோது, அடியில் வெண்பச்சைப் பொடி படிந்திருந்தது. பேட்டரியின் செல்களுக்குள் இறங்காதபடி சமையல் சோடா கரைசலால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் பூசினேன். இப்போது பேட்டரித் தண்டுக்கும் இன்வெர்ட்டர் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்தான் வேறுபாடு. விடியற்காலையிலும் சட்னி அரைக்க முடிகிறது.