அமெரிக்க ராணுவ பட்ஜெட்டில் 'வெட்டு' என்றால் எதிலிருந்து வெட்டு?

அமெரிக்க காங்கிரஸில் பட்ஜெட் சண்டை வந்தாலே 'ராணுவச் செலவில் பெரும் வெட்டு' என்று ஒரு தலைப்பு ஓடும், நாலு நாள் கழித்து 'சாதனை அளவு ஒதுக்கீடு' என்று இன்னொன்று ஓடும். இரண்டையும் படித்துக் குழம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும், போன வருஷத்தைவிடக் குறைவு என்று தாங்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முப்பது சதவீதம் தள்ளுபடி என்று எழுதியிருப்பான், ஆனால் எந்த விலையிலிருந்து என்பதுதான் கேள்வி. 2011 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பாதுகாப்புத் துறைக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 48,700 கோடி டாலர் குறையும் என்றார்கள். பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகன் தனக்கென்று வகுத்து வைத்திருந்த வளர்ச்சித் திட்டத்தோடு ஒப்பிட்ட குறைவு அது. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2023-இல் அதிபர் பைடனும் அப்போதைய பிரதிநிதிகள் சபைத் தலைவர் மெக்கார்த்தியும் போட்ட ஒப்பந்தத்தில் பாதுகாப்புக்கான உச்சவரம்பு 2024 நிதியாண்டுக்கு சுமார் 88,600 கோடி டாலர், 2025-க்கு 89,500 கோடி டாலர். எண் ஏறத்தான் செய்கிறது, ஆனால் ஒரு சதவீதம்தான், விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரஹாம் போன்றவர்கள் செனட்டில் கொதித்தது இதற்காகத்தான். வெட்டு என்று அவர்கள் சொன்னதும் சரி, உயர்வு என்று மற்றவர்கள் சொன்னதும் சரி, ஆளுக்கொரு அளவுகோல், அவ்வளவுதான்.

அதற்காக வெட்டு எல்லாமே வெறும் பூச்சாண்டி என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள், அதுவும் தவறு. 2011 சட்டப்படி 12 பேர் கொண்ட குழு ஒன்று 1.2 லட்சம் கோடி டாலருக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் தானாகவே வெட்டு விழும், பாதி ராணுவத்தில், பாதி மற்ற துறைகளில். இரண்டு கட்சிக்கும் வலிக்கும், அந்தப் பயத்திலாவது ஒத்துப்போவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஒத்துப்போகவில்லை! 2013 மார்ச் 1-ஆம் தேதி வெட்டு நிஜமாகவே விழுந்தது. படைவீரர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒபாமா விலக்கு அளித்துவிட்டதால், சுமை முழுக்கப் பயிற்சி, பராமரிப்பு, கொள்முதல் பக்கம் போய் உட்கார்ந்தது. ஹாரி ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பல் பாரசீக வளைகுடாவுக்குப் புறப்படுவது தள்ளிப்போனது, விமானப்படையில் பல போர் விமான அணிகள் பறக்காமல் நின்றன, சிவில் ஊழியர்கள் சுமார் 6.5 லட்சம் பேர் ஆறு நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்பதையும் பாருங்கள், பலர் இங்கேதான் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 2011 சட்டம் செலவுக்குப் போட்டிருந்த உச்சவரம்பை அதே 2013 டிசம்பரில் தளர்த்தினார்கள், பிறகு 2015, 2018, 2019 என்று மீண்டும் மீண்டும். அதனால் பத்தாண்டு வெட்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கும் தொகையை நடந்து முடிந்த கணக்காக எடுத்துக்கொள்ளவே கூடாது.

உச்சவரம்பு என்றால் மொத்தச் செலவுக்கும் வரம்பு என்று நினைப்பதும் தப்பு. ஆப்கானிஸ்தான், இராக் போர்களுக்கான தனிக் கணக்கு 2011 சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. 2015-இல் குடியரசுக் கட்சியினர் வழக்கமான செலவில் சுமார் 3,800 கோடி டாலரை அந்தப் போர்க் கணக்கில் போட்டு வரம்பைத் தாண்டப் பார்த்தார்கள், அந்த ஆண்டின் பாதுகாப்பு அங்கீகார மசோதாவில் ஒபாமா கையெழுத்திட மறுத்து வீட்டோ செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகும் அதே வாசல் திறந்துதான் இருந்தது. உக்ரைன், இஸ்ரேல், தைவான் பெயரில் 2024 ஏப்ரலில் 9,500 கோடி டாலர் அவசர நிதி அந்த வழியாகவே வந்தது, அதில் பெரும்பகுதி பாதுகாப்புத் தலைப்பில்.

சின்ன விஷயம் ஒன்று. அங்கீகார மசோதா நிறைவேறினால் பணம் வந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அது அனுமதி மட்டும்தான், பணத்தை ஒதுக்குவது வேறு மசோதா. ஒதுக்கிய பணமும் அந்த வருஷமே செலவாகாது, ஒரு போர்க்கப்பலுக்கான தொகை பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும்.

கடைசியாக, பணத்தை இடம் மாற்றுவதை வெட்டு என்று படிப்பது. 2025 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத் 8 சதவீதக் குறைப்புக்கு வழி பார்க்கச் சொன்னதும், அமெரிக்க ராணுவம் சுருங்குகிறது என்று எத்தனை பதிவுகள்! பைடன் கால முன்னுரிமைகளிலிருந்து சுமார் 5,000 கோடி டாலரை எடுத்து டிரம்பின் முன்னுரிமைகளுக்குத் திருப்புகிறோம் என்று பெண்டகனே விளக்கம் கொடுத்தது. அந்த ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்தில் பாதுகாப்புக்கென்று சுமார் 15,000 கோடி டாலர் கூடுதலாகச் சேர்ந்தது.