ஆர்லாண்டோவில் யாராவது மலிவு டிக்கெட் நீட்டினால்: டைம்ஷேர் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் வந்து இறங்கியதும் செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், முதல் கிரெடிட் கார்டு. கம்பெனியிலேயே பட்டியல் கொடுப்பார்கள். இல்லையென்றால் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், பத்துப் பேர் சொல்வார்கள். நான் எழுதுவது அந்தப் பட்டியலில் வராத விஷயம். வந்த ஒன்றிரண்டு வருடத்தில் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு டிஸ்னி பார்க்க ஆர்லாண்டோ போவோமே, அங்கே நடக்கும் டைம்ஷேர் விற்பனை. ஒரு ரிசார்ட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் போலத் தங்கிக்கொள்ளும் உரிமையை விலைக்கு விற்பதுதான் டைம்ஷேர்.

நான் இருப்பது டாம்பாவில். ஆர்லாண்டோ இங்கிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். அதனால் அங்கே போகிற நம் ஆட்கள் பலர் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்படிப் போன விருதுநகர்த் தம்பி ஒருவன், மனைவி, குழந்தைகள், பெற்றோரோடு சந்தோஷமாகக் கிளம்பினான். திரும்பும்போது இருபத்தோராயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். வெட்கப்பட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லவில்லை. சொன்னபோது காலம் கடந்திருந்தது. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு தபால் செலவோடு முடிந்திருக்கும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கம் எப்போதும் டிக்கெட்தான். இன்டர்நேஷனல் டிரைவிலும், கிஸிமி பக்கம் 192ஆம் நெடுஞ்சாலையிலும், தங்கும் ஹோட்டலின் வரவேற்பறையிலும்கூட ஒரு மேஜை போட்டிருப்பார்கள். டிஸ்னிக்கு ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட்டே நூறு டாலருக்கு மேல். ஆறு பேர் என்றால் கணக்குப் போடாமலே வயிறு கலங்கும். அந்த நேரத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர், "காலைச் சாப்பாடு எங்கள் செலவு, 90 நிமிடம் எங்கள் ரிசார்ட்டைச் சுற்றிப் பாருங்கள், டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறோம்" என்பார். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், அடையாள அட்டையும் கிரெடிட் கார்டும் கொண்டுவர வேண்டும், வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். சிறு தொகை ஒன்றை முன்பணமாக வாங்கிக்கொள்வார்கள், வந்தால் திருப்பித் தருவார்கள்.

இருவரும் ஏன் வர வேண்டும்? "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்ற வார்த்தையை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடத்தான். நம் ஊரில் எந்த விற்பனையாளரிடமிருந்தும் தப்பிக்க நாம் சொல்வது அதுதானே. கலந்து பேச வேண்டியவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது?

சென்னையில் பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்கிலோ சீட்டு எழுதிப் போட்டு, "பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக ஹோட்டலுக்கு வாருங்கள்" என்று போன் வந்து போன அனுபவம் பலருக்கு உண்டு. இரண்டு மணி நேரம் பேச்சைக் கேட்டு, பரிசை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். அந்தத் தைரியம் இங்கே உதவாது. இங்கே உட்கார்ந்த இடத்திலேயே கடனுக்கு ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். முன்பணத்துக்குக் கையில் காசில்லை என்றால் அதற்கும் அங்கேயே ஒரு புதுக் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்க வைப்பார்கள்.

உள்ளே ஒரு பெரிய கூடம். சின்னச் சின்ன மேஜைகள், மேஜைக்கு ஒரு குடும்பம், சத்தமாகப் பாட்டு. யாராவது கையெழுத்துப் போட்டால் மைக்கில் அறிவித்துக் கைதட்டுவார்கள். முதல் ஒரு மணி நேரம் விலையைப் பற்றிப் பேச்சே வராது. நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள், சின்ன வயதில் விடுமுறைக்கு எங்கே போனீர்கள், அப்பா என்ன வேலை செய்தார் என்று விசாரிப்பார்கள். தம்பியின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். தீபாவளி, பொங்கல் தவிர கடையைப் பூட்டியதே இல்லை. தம்பி இதைப் பெருமையாகத்தான் சொன்னான். விற்க வந்து உட்கார்ந்திருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காக ஓய்வே எடுக்காத மனிதருக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று தம்பியைக் கேட்டாராம். அதை அவனே தமிழில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது என்றான். அப்பா மேல் இவன் வைத்திருக்கும் பாசத்தைக் கறந்து ஒருத்தி கமிஷன் பார்த்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அப்புறம் காகிதக் கணக்கு. எதிரே உட்கார்ந்தபடியே, உங்களுக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக எழுதுவார்கள். வருடத்துக்கு ஹோட்டல் செலவு 3,000 டாலர், இருபது வருடத்தில் 60,000, விலைவாசி ஏறினால் இன்னும் அதிகம். இவ்வளவையும் வாடகையாகக் கொட்டுவதற்குச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாமே என்று. வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் ஒரு ஓரத்தில்தான் வரும். அது சராசரியாக வருடத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல், கூடிக்கொண்டே போகும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கூரையை மாற்றுகிறோம், புயல் சேதம் என்று இடையில் தனி வசூலும் வரலாம். கடன் வட்டியும் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில் இருக்கும். நம் விசா மூன்று வருடம். பல ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதியே கிடையாது. கணக்கு எழுதிய காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள்.

இனி விலை. தம்பிக்கு முதலில் சொன்னது 48,000. முடியாது என்றதும் எழுந்து போய் மேலாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் 32,000 என்றார். அதுவும் முடியாது என்றதும், யாரோ திருப்பிக் கொடுத்த ஒன்று இருக்கிறது, இன்று மட்டும்தான் என்று 21,000. இந்த இடத்தில் நம் ஆட்கள் வேறு யாரையும்விடச் சுலபமாக விழுகிறோம் என்பது என் எண்ணம். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசிப் பழகியவர்கள் நாம். விலை பாதிக்குக் கீழே இறங்கினால் ஜெயித்த உணர்வு வந்துவிடுகிறது. இறங்கி வந்த பிறகு வாங்காமல் எழுந்து போவது நமக்கு மரியாதைக் குறைவு. காலையில் போணி நேரத்தில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் கடைக்காரர் என்ன பேசுவார் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள். போதாததற்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டாயிற்று. 90 நிமிடம் என்று சொன்னது ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும், குழந்தைகள் அழத் தொடங்கியிருப்பார்கள், பெரியவருக்கு மாத்திரை வேளை தாண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டால் வெளியே போகலாம் என்ற நிலைக்கு ஆளைக் கொண்டுவருவதுதான் அந்தக் கூடத்தின் வேலை.

ஏன் இன்று மட்டும்? அறைக்குத் திரும்பி ஈபேயில் தேடினால், இப்படிப்பட்ட ரிசார்ட் வாரங்களைச் சொந்தக்காரர்கள் ஒரு டாலருக்கு விற்கப் போட்டிருப்பது கண்ணில் படும். அதனால்தான்.

இது ஏதோ ஓரிரு கெட்ட விற்பனையாளர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். சக ஊழியர்கள் முதியவர்களை ஏமாற்றுவதாக மேலிடத்தில் புகார் சொல்லி வேலையை இழந்த ஒரு டைம்ஷேர் விற்பனைப் பெண்ணுக்கு, 2016இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்ற ஜூரி ஒன்று 2 கோடி டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. உள்ளே இருந்தவரே சொன்ன கதை அது.

கையெழுத்து வாங்க வேறொரு அறை, வேறொரு ஆள். இப்போதெல்லாம் டேப்லெட்டில்தான், இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு சுருக்கொப்பம் என்று வேகமாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். அதில் ஒரு வரியில், வாய்வழியாகச் சொன்ன எதையும் நம்பி நான் வாங்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். வாடகைக்கு விட்டால் கட்டணம் வந்துவிடும், வேண்டாம் என்றால் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும், கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று கூடத்தில் சொன்னதெல்லாம் அந்தச் சுருக்கொப்பத்தோடு போய்விடும்.

சரி, கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். இதுவரை படித்ததை மறந்தாலும் பரவாயில்லை, இனி வருவதை மறக்காதீர்கள்.

புளோரிடா சட்டப்படி, கையெழுத்துப் போட்ட நாள் அல்லது தர வேண்டிய ஆவணங்களில் கடைசியானது உங்கள் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அபராதம் கிடையாது, காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக உங்களிடம் எழுதி வாங்கினாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே இது அச்சிட்டிருக்கும். ஆனால் ரத்து எழுத்தில் இருக்க வேண்டும். தம்பி மாட்டிக்கொண்டது இதில்தான்.

அவன் ஊர் திரும்பிய ஓரிரு நாளிலேயே தெளிந்துவிட்டான். உடனே போன் செய்து வேண்டாம் என்று சொன்னான். மறுமுனையில் கோபமே இல்லை. "எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் பதற்றமாக இருக்கும், உங்கள் கோரிக்கையைக் குறித்துக்கொண்டேன், மூத்த ஆலோசகர் கூப்பிடுவார்" என்றார்கள். ஆலோசகர் கூப்பிட்டார், வரவேற்புப் பொதி வரட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். பொதி வந்தது. மறுபடி போன் செய்தான், ரத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றார்கள். "போன்ல தெளிவா சொன்னேனே அண்ணா, குறிச்சுக்கிட்டேன்னு சொன்னாங்களே" என்று எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சொன்னான். அவன் அப்பா மளிகைக் கடையில் நாற்பது வருடம் வாய் வார்த்தையில் சரக்கு எடுத்து விற்றவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் போனில் சொன்னது போதும் என்று தோன்றியது இயல்புதான்.

ஆகவே போன் செய்யாதீர்கள். கடிதம் எழுதுங்கள். தேதி, ஒப்பந்தத்தில் உள்ளபடி உங்கள் பெயர்கள், ஒப்பந்த எண், "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும்" என்ற செய்தி, அவ்வளவு போதும். யோசிக்கிறோம், விரும்புகிறோம் என்றெல்லாம் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் இதிலும் போட வேண்டும். ரத்துக்கென்று ஒப்பந்தத்தில் தந்திருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். ரிசார்ட் வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் நிலையத்தில் சர்டிஃபைட் மெயில், ரிட்டர்ன் ரிசீப்ட் என்று கேளுங்கள், நம் ஊர் ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபால்தான். புளோரிடாவில் அனுப்பிய தேதிதான் கணக்கு, போய்ச் சேர்ந்த தேதி இல்லை. சனி, ஞாயிறும் அந்தப் பத்து நாளில் சேர்த்தி. ரசீதையும் கடித நகலையும் பத்திரப்படுத்துங்கள். இதற்குப் பிறகு அவர்கள் கூப்பிட்டால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் நாள் மாறும். லாஸ் வேகாஸ் போனவர்களுக்கு நெவாடாவில் 5 நாள்தான். கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் 7. கான்கூனில் மாட்டினால் மெக்சிகோ சட்டப்படி 5 வேலை நாள். கனடா உறவினர்களுக்கு: ஒன்டாரியோவில் 10 நாள். இங்கிலாந்தில் 14 நாள், அந்த நாட்களில் உங்களிடம் பணம் வாங்குவதே சட்டப்படி தவறு.

காலம் கடந்துவிட்டால் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. உங்கள் டைம்ஷேரை விற்றுத் தருகிறோம், ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கிறோம், முதலில் ஐயாயிரம் கட்டுங்கள் என்று போன் வரும். கட்டாதீர்கள். இப்படி விடுவிப்பதாகச் சொல்லி 9 கோடி டாலருக்கு மேல் கறந்ததாக ஒரு கும்பல் மீது, நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் விஸ்கான்சின் மாநிலமும் 2022 நவம்பரில் வழக்குப் போட்டன. மெக்சிகோவில் வாங்கியவர்களைக் குறிவைப்பது போதைப்பொருள் கும்பல்களே. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள் என்று அரசே 2024இல் எச்சரித்தது. வாங்கிய கம்பெனியிடமே நேரடியாக எழுதி, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் கடன் முழுவதும் அடைந்த பிறகுதான் எடுப்பார்கள். ஏமாற்றிப் பேசியதற்கு மாநில அட்டர்னி ஜெனரலிடமும், புளோரிடாவில் டைம்ஷேரைக் கவனிக்கும் தொழில் ஒழுங்குமுறைத் துறையிடமும் புகார் செய்யலாம்.

என்னைக் கேட்டால் அந்தக் கூடத்துக்குப் போகவே வேண்டாம், டிஸ்னியின் தளத்திலேயே முழு விலைக்கு டிக்கெட் வாங்குங்கள். விடுமுறைக்குச் சொந்தமாக ஓர் இடம் என்பது நாம் வளர்ந்த விதத்திலேயே கிடையாது. எங்களுக்குக் குற்றால சீசன் என்றால் தென்காசிச் சித்தப்பா வீடு. பத்துப் பேர் கூடத்தில் பாய் விரித்துப் படுப்போம், சித்தி விடியற்காலையில் எல்லாருக்கும் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருப்பார். இங்கே அந்தச் சித்தப்பா வீடு இல்லாத குறை எனக்கும் உண்டு. அந்தக் குறை தெரிந்துதான் அவர்கள் விற்கிறார்கள்.

தம்பி இப்போது கடனைச் சீக்கிரம் அடைக்கப் பார்க்கிறான், அடைத்ததும் திருப்பி எடுக்கச் சொல்லி விண்ணப்பிப்பதாக இருக்கிறான். உங்களில் யாராவது இந்த வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தை எடுத்து ரத்து முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். தபால் நிலையங்கள் பல சனிக்கிழமை மதியத்துக்கு மேல் இருக்காது.